ஹானோவர் குதிரை தாண்டிய மூங்கில்

அந்தியூர் ஆடிச் சந்தையில் குதிரை வாங்க வருகிறவன் காலைப் பார்ப்பதற்கு முன்னால், பல்லைப் பார்ப்பதற்கு முன்னால், சுழியைப் பார்ப்பான். மயிர் எந்த இடத்தில் எப்படிச் சுழன்றிருக்கிறதோ அதில்தான் வாங்குகிறவன் குடும்பத்து நல்லது கெட்டது இருக்கிறது என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஈரோட்டு மஞ்சள் மண்டிக்காரர் குழந்தைவேலுவுக்கு மட்டும் அது மறந்துபோய்விட்டது. பெங்களூரில் மூடப்போன ஒரு சவாரிப் பள்ளியிலிருந்து ஜெர்மனி ஜாதி ஹானோவர் குதிரை ஒன்றை ஆசைப்பட்டு வாங்கி, சுழி பார்க்காமலேயே லாரியில் ஏற்றி, சந்தையில் நாலு பேர் பார்க்கட்டுமென்று கொண்டுவந்து இறக்கிவிட்டார்.

நாலு பேரும் பார்த்தார்கள். தரகர் மாரப்பன் கிட்டே போய் நெற்றி மயிரை ஒதுக்கிப் பார்த்துவிட்டு உச்சுக் கொட்டினார்.

"ரெட்டைச் சுழிங்க. வூட்டுக்கு ஆகாது. வந்த லாரியிலயே திருப்பி ஏத்திருங்க."

பக்கத்தில் நின்ற சென்னியப்பன் காதில் அது விழுந்தது. ஒன்பது வருஷம் ஜெர்மனியில் குதிரை லாயத்தில் சாணி அள்ளிவிட்டு வந்தவன் அவன். குதிரை இங்கே தங்கினால் அதைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவனுக்கு என்று மண்டிக்காரர் சொல்லியிருந்தார். தங்காவிட்டால் மறுபடியும் விமானம்தான். "இன்னொருக்கா ஏரோப்ளேன் ஏறுனா அங்கயே இருந்துக்க. இந்த வாசப்படி மிதிக்காத" என்று காலையில்தான் அவன் பெண்டாட்டி பாவாயி சொல்லி அனுப்பியிருந்தாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

நல்ல மனுஷன் சென்னியப்பன். உண்மை பேசுவதில் மட்டும் கொஞ்சம் சோம்பேறி. டீக்கடைப் பெஞ்சில் மண்டிக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து தொண்டையைச் செருமினான்.

"இந்த ஜாதி சாமானியப்பட்டதில்லைங்க மொதலாளி. இதோட ரத்தம் சூடும் இல்லை, குளிரும் இல்லை, வெதுவெதுன்னு இருக்கும். அங்க பனிக்காலத்துல நான் தேங்காயெண்ணெ பாட்டிலை இது முதுகு மேலதான் வெப்பனுங்க. டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள உருகிரும். அந்தத் தெருவே எண்ணெ பாட்டிலைத் தூக்கிட்டு வந்து வரிசையில நிக்கும்."

"வெள்ளைக்காரன் தலைக்குத் தேங்காயெண்ணெ வெக்கறானா?" என்றார் மாரப்பன்.

"நான் போனதுக்கப்புறம் வெச்சானுங்ணா."

மண்டிக்காரர் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். அவர் எழுந்து போகாததே சென்னியப்பனுக்குப் போதுமாக இருந்தது.

"தாண்டறதுன்னா சும்மா வேலியத் தாண்டறதில்லைங்க. நம்ம பொட்டைக்குதிரை இவளோட ஆத்தா மேல நான் ஏறி உக்காந்தேன். ஒரு மதிலு, நம்ம கோயில் மதிலாட்ட. தாவுனா பாருங்க! மேல போறப்ப மடியிலிருந்து வெத்தலைய எடுத்தேன். நரம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, பாக்கு வெச்சு மென்னு முடிச்சேன். கீழ இறங்கவே இல்லை. எங்க துப்பறதுன்னு தெரியாம முழுங்கிப்போட்டேன்."

டீக்கடைக்காரர் பால் பொங்குவதைக்கூடக் கவனிக்காமல் நின்றார். மாரப்பனுக்கு எரிச்சல் ஏறியது. சந்தையில் புளுகுவது தரகர்களுக்கென்று இருக்கிற உரிமை. அதை ஒருத்தன் கண்ணெதிரே அள்ளிக்கொண்டு போனால் யாருக்குத்தான் பொறுக்கும்?

"தாண்டறதைக் குரங்குகூடச் செய்யும். வேறென்ன தெரியும் அதுக்கு?"

"நடைங்ணா, நடை! மேளத்துக்குத் தக்கன முன்னால நடக்கும், குறுக்கால நடக்கும், பின்னாலயும் நடக்கும். ஒரு நாள் அங்கொரு குதிரையப் பின்னால நடன்னு சொல்லிப்போட்டு நான் சாப்பிடப் போயிட்டேன். நிறுத்தச் சொல்ல மறந்துட்டேன். அது பாட்டுக்குப் பின்னாலயே நடந்து நடந்து, வயசும் பின்னால போயிருச்சு. வந்து பாத்தா, அத்தனாம்பெரிய குதிரை குட்டியா நின்னு பால் கேக்குது! முன்னால நடத்தி நடத்திப் பழைய வயசுக்குக் கொண்டாறதுக்குள்ள என்ற கால் ரெண்டும் தேஞ்சுபோச்சு."

பெஞ்சே சிரித்தது. மண்டிக்காரரின் மீசை லேசாக அசைந்ததைச் சென்னியப்பன் பார்த்துவிட்டான். இனி அவனைப் பிடிக்க முடியுமா?

"அதைய விக்கறதுக்குப் பெரிய ஏலம். ஏலமெல்லாம் வேண்டாம், எங்கூருல துண்டைப் போட்டு, உள்ள கையை விட்டு, விரலைப் புடிச்சுத்தான் வெல பேசுவோம்னு சொல்லிக் குடுத்தேன். வாங்க வந்த துரை துண்டுக்குள்ள கையை விட்டாரு. பேசி முடிச்சுப் பாத்தா என்ற கை வெளிய இருக்குது. உள்ள இருந்தது குதிரையோட குளம்பு! தன்னோட வெலைய அதுவே ஏத்திப் பேசிப்போட்டு, ஒண்ணுந் தெரியாதமாதிரிப் புல்லுத் திங்குதுங்க."

"போதும்டா!" மாரப்பன் எழுந்தே விட்டார். துண்டு பேரம் அவர் தொழில். "இத்தனை பேசற, அந்த ரெட்டைச் சுழிக்கு என்ன பதிலு?"

இந்தக் கேள்விக்காகத்தான் சென்னியப்பன் இவ்வளவு நேரம் பயந்துகொண்டிருந்தான். ஆனால் வாய் என்றைக்கு அவனைக் கேட்டுக்கொண்டு திறந்தது?

"அது பொறவிச் சுழி இல்லைங்ணா, காத்துச் சுழி. ஆத்தாக்காரி வயித்துல இவ இருக்கறப்பதான் அந்த மதிலைத் தாண்டுனா. மேல ஒரு சூறாவளி வந்துச்சு. ரெண்டா முட்டிக் கிழிச்சுப்போட்டா. அந்த ரெண்டு துண்டும் குட்டி நெத்தியில ஒட்டிக்கிச்சு. காதை வெச்சுக் கேளுங்க, இன்னும் உய்யுன்னு சத்தம் வரும்."

ஒருத்தர் நிஜமாகவே காதை வைக்கக் குதிரையிடம் போனார்.

"அப்படியா சங்கதி?" என்றார் மாரப்பன். "மதிலைத் தாண்டுனவ மக. குதிரைங்க கட்டற அந்தக் கொட்டகை வாசல்ல ஒரு மூங்கில் கட்டியிருக்குது. முழங்கால் உசரம். நேத்திருந்து கழுதையெல்லாம் தாண்டிப் போகுது. இவ தாண்டட்டும், நான் வாயை மூடிக்கறேன்."

சென்னியப்பன் கயிற்றைப் பிடித்து நடத்திக்கொண்டு போனான். சந்தையே பின்னால் வந்தது. குதிரை மூங்கில் வரைக்கும் ராஜநடையாக வந்தது. நின்றது. குனிந்து மூங்கிலை முகர்ந்தது. நாலு காலையும் ஊன்றிக்கொண்டது. அவன் தட்டிக்கொடுத்தான், கெஞ்சினான், கழுத்தைக் கட்டிக்கொண்டு இழுத்தான். அது கண்ணை மூடிக் கொட்டாவி விட்டது.

மண்டிக்காரர் மெல்ல நடந்து வந்தார். பாவாயியின் முகம் சென்னியப்பன் கண்முன்னால் வந்து நின்றது. அழுகையே வரும்போல இருந்தது.

"என்ன சென்னியப்பா?"

"தாண்டிருச்சுங்க மொதலாளி."

"எப்ப?"

"இப்பத்தான். அந்தப் பக்கம் போயிட்டு, இந்தப் பக்கமும் திரும்பி வந்துருச்சு. நீங்க கண்ணைச் சிமிட்டிட்டீங்க."

சந்தை கொல்லென்று சிரித்தது. மண்டிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டார்.

"சந்தோஷம். நானும் உன்னைய வேலைக்கு வெச்சு, வேலைய விட்டு நிறுத்தியும் போட்டேன். நீ கண்ணைச் சிமிட்டிட்ட."

சிரிப்பு இரண்டு மடங்கானது. மாரப்பன் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். சென்னியப்பன் கயிற்றை விடவில்லை. இரண்டு கண்ணையும் அகல விரித்துக்கொண்டு மண்டிக்காரர் முன்னால் போய் நின்றான். புழுதிக் காற்றில் கண்ணீர் தாரைதாரையாக வழிந்தது. அவன் இமைக்கவில்லை.

"இப்பச் சிமிட்டலைங்க மொதலாளி. இன்னொருக்கா வேலைக்கு வெச்சுப் பாருங்க."

மண்டிக்காரர் அவனைப் பார்த்தார். குதிரையைப் பார்த்தார். மூங்கிலைப் பார்த்தார்.

"சரி சரி, கண்ணைத் தொடை. அந்த மூங்கிலை அவுத்து ஓரமாப் போடு. பாவம், அவ உள்ள வரட்டும்."