பன்னிரண்டு முத்திரை வாங்கிய ஆட்டுக்கல்

ஆவுடைராயர் அரசவையில் ஒரு வினோத வழக்கம் இருந்தது. வருகிற ஓலையில் எத்தனை முத்திரை இருக்கிறதோ, அத்தனை தடவை அவை முழுக்க எழுந்து உட்கார வேண்டும். அன்றைக்கு வந்த ஓலையில் பதினொன்று! ஏழாவது முத்திரைக்கே சேனாபதியின் முட்டி ‘மடக்’ என்றது. ஒன்பதாவதுக்கு எழுந்த முதல் மந்திரி, உட்காருவதா நிற்பதா என்று குழம்பி நடுவிலேயே நின்றுவிட்டார்.

மூச்சு வாங்காமல் நின்றவர் ஓலையைக் கொண்டுவந்த பேராசான் வித்யாரத்னர் மட்டும்தான்.

“மகாராஆஆஜா!” என்று இழுத்தார். “எங்கள் திக்விஜய வணிகக் கல்லூரிக்கு அகில புவன அங்கீகார மகாசபை தந்த சான்று இது. மூன்றே ஆண்டு! இளவரசியார் வணிகச் சக்கரவர்த்தினியாகத் திரும்புவார்!”

ராயர் அப்படியே உருகிப் போனார். “பதினொரு முத்திரை! என் முடிசூட்டு ஓலைக்கே நாலுதான்யா இருந்தது. எங்கே, பல்லக்கைக் கட்டுங்க!”

இளவரசி பூங்கோதைக்கு அந்த ஓலைமேல் நம்பிக்கை வரவில்லை. துறைமுகத்தை நிர்வாகம் செய்ய வேண்டும் என்பது அவள் ஆசை. கப்பல் வணிகர் சபை ஒப்புக்கொள்ளும் பட்டம் இருந்தால்தான் அந்த ஆசனம் கிடைக்கும். அவர்கள் ஒப்புக்கொள்ளாத பட்டம் என்றால் மூன்று வருஷமும் போச்சு, துறைமுகமும் போச்சு. அவள் அவை விகடகவியான பேச்சிமுத்துவின் பக்கம் குனிந்தாள்.

“பேச்சியண்ணே, இந்த மகாசபையைக் கப்பல்காரங்க யாருமே கேள்விப்பட்டதில்லையாம். அப்பாகிட்ட சொன்னா, முத்திரையை எண்ணிப் பாருன்றார்.”

பேச்சிமுத்து எழுந்தான். பேராசானின் குரலையே எடுத்துக்கொண்டான். “மகாராஆஆஜா! பல்லக்குக்குப் புதுத் திரை தைக்க வேண்டும். எட்டு நாள் பொறுக்கலாமே?”

ராயர் தலையாட்டினார். பேச்சிமுத்து நேரே அரண்மனைச் சமையல்கட்டுக்கு ஓடினான். அங்கே சமையற்காரி மாடத்தி ஆட்டுக்கல்லின் முன் உட்கார்ந்து மாவாட்டிக்கொண்டிருந்தாள்.

“மாடத்தியக்கா, உன் ஆட்டுக்கல்லை வணிகக் கல்லூரியா ஆக்கப் போறேன். மகாசபைக்கு விண்ணப்பம். கேட்கிறதுக்குப் பதில் சொல்லு. பொய் ஒண்ணுகூட கூடாது.”

“நீ மருந்து கிருந்து சாப்பிட மறந்துட்டியா?”

“கட்டடம் எப்படிப்பட்டது?”

“முழுக் கருங்கல்லு. இடியே விழுந்தாலும் அசையாது.”

“மாணவர்கள் யார்?”

“அரிசியும் உளுந்தும். ராத்திரி முழுக்க ஊறினாத்தான் உள்ளே சேர்ப்பேன். கல்லு, உமி எல்லாம் வாசல்லயே தள்ளுபடி.”

“அடடா, கடுமையான நுழைவுத் தேர்வு! ஆசிரியர்?”

“ஒரே குழவி. ஒரு நாள் லீவு கேட்டதில்லை.”

“படிச்சு முடிச்சவங்களுக்கு வேலை?”

“மறுநாள் காலையிலேயே இட்லித் தட்டுல எடம். ஒருத்தர்கூட சும்மா இருந்ததில்லை.”

பேச்சிமுத்து அத்தனையும் அப்படியே எழுதினான். ஐம்பது பொன் காணிக்கையும் வைத்து, குதிரைக்காரனிடம் கொடுத்தனுப்பினான்.

ஆறாம் நாள் குதிரைக்காரன் பதிலோடு திரும்பினான். எட்டாம் நாள் அவை கூடியது. பேராசானும் பல்லக்கோடு புறப்படத் தயாராக வந்திருந்தார். பேச்சிமுத்து ஓலையை விரித்தான்.

பன்னிரண்டு முத்திரை!

அவை எழுந்தது, உட்கார்ந்தது, எழுந்தது, உட்கார்ந்தது. சேனாபதியைக் கடைசி மூன்றுக்கு இரண்டு வீரர்கள் தூக்கித் தூக்கி இறக்கினார்கள். ராயரும் சிம்மாசனத்தில் ஏறி இறங்கி வியர்த்துப் போனார்.

பேச்சிமுத்து படித்தான்: “கருங்கல் வணிகக் கல்லூரிக்கு எமது நிபுணர் குழு நேரில் வந்து, மூன்று நாள் தங்கி, ஆசிரியரோடு அளவளாவி, அதிஉன்னதத் தரம் வழங்குகிறது.”

“நம்ம ஊர்லயே பன்னிரண்டு முத்திரைக் கல்லூரியா?” என்று ராயர் வாயைப் பிளந்தார்.

பேச்சிமுத்து பேராசானிடம் திரும்பினான். “ஐயா, இந்த முத்திரைகள் அசல்தானே?”

பேராசான் உற்றுப் பார்த்தார். போலி என்றால் தன் பதினொன்றும் போலி. “சந்தேகமே இல்லை. மகாசபை கண்ணை மூடிக்கொண்டு முத்திரை போடாது!”

“அப்போ இளவரசி இங்கேயே படிக்கலாமே?”

“அ... அது... படிக்கலாம்தான்...”

“கல்லூரியை உள்ளே கொண்டு வாங்கப்பா!”

நாலு பேர் முக்கி முனகி ஆட்டுக்கல்லை அவை நடுவே இறக்கினார்கள். அதன் விளிம்பில் காலையில் ஆட்டிய மாவு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. பின்னாலேயே மாடத்தி குழவியைத் தோளில் சாய்த்தபடி வந்தாள். “தலைமையாசிரியர் வர்றார், வழி விடுங்க!”

அவை முழுக்கச் சிரிப்பு வெடித்தது.

“நிபுணர் குழு வந்ததா மாடத்தி?” என்றார் ராயர்.

“ஒரு பூனை வந்துச்சு சாமி. மூணு நாள் தங்குச்சு. வேற யாரும் வரலை.”

“மன்னா,” என்றான் பேச்சிமுத்து, “குதிரைக்காரன் மகாசபையைத் தேடி ஊரெல்லாம் அலைந்தானாம். கடைசியில் பேராசானுடைய கல்லூரியின் கொல்லைப்புறக் கதவைத் தட்டச் சொன்னார்களாம். உள்ளே அவருடைய மச்சினர் உட்கார்ந்து முத்திரை போட அரக்கு காய்ச்சிக்கொண்டிருந்தாராம்.”

ராயரின் முகம் கறுத்தது. மகளைப் பார்த்தார். “நான் முத்திரையை எண்ணினேனே தவிர, போட்டவன் யாருன்னு கேட்கலையேம்மா.”

“நான் கேட்டுட்டேன்பா,” என்றாள் பூங்கோதை. “கப்பல் வணிகர் சபை ஒப்புக்கொண்ட கல்லூரிகள் பட்டியலை அவங்க வாசல்லயே ஒட்டியிருக்காங்க. அதுல தெற்குத் துறைக் கல்லூரி இருக்கு. அவங்க சான்றுல ஒரே ஒரு முத்திரைதான். ஆனா அந்த முத்திரைக்கு ஒரு விலாசம் இருக்கு. போய் விசாரிச்சுட்டேன்.”

“அங்கேயே போ! இன்றோடு எழுந்து உட்காரும் வழக்கமும் ரத்து!”

சேனாபதி ஆனந்தக் கண்ணீர் விட்டார். பேச்சிமுத்துவின் கழுத்தில் ராயரின் முத்துமாலை விழுந்தது. பேராசான் மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தார்.

“பிடியுங்கள்! இவருக்கு என்ன தண்டனை தரலாம், பேச்சி?”

“தண்டனை எதுக்கு மன்னா? பாவம், மேல்படிப்பு படிக்கட்டும். அதிஉன்னதத் தரம்னு அவரே ஒப்புக்கொண்ட கல்லூரி இதோ இருக்கு.”

பேராசான் ஆட்டுக்கல்லைப் பார்த்தார், குழவியைப் பார்த்தார். “எ... எத்தனை வருஷப் படிப்பம்மா?”

மாடத்தி முந்தானையை இழுத்துச் செருகினாள்.

“வருஷமா? எங்ககிட்ட சேர்ந்தவங்க ஒரு நாழிகைக்கு மேல முழுசா இருந்ததில்லை சாமி!”