யோரிஸ் சேர்த்த தொட்டில்

முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன், ஹாலந்து நாட்டின் ஹார்லெம் நகரில் யோரிஸ் என்றோர் ஓவியன் இருந்தான். அந்நாளில் அங்கே வீட்டுச் சுவரில் மாட்டும் படம்கூட ஏதாவது புத்தி சொல்ல வேண்டும். மூலையில் துடைப்பம் நிமிர்ந்து நின்றால் ஒழுங்கான வீடு. தரையில் குவளை கவிழ்ந்து கிடந்தால் பொறுப்பில்லாத வீடு. பார்ப்பவர்களுக்கு அது சொல்லாமலே புரியும்.

செல்வந்தரான கொர்னேலியா அம்மையார் அவனிடம் ஒரு படம் கேட்டார். "அடுப்பருகே தூங்கி வழியும் வேலைக்காரி, பக்கத்தில் கவிழ்ந்த குவளை, மீனைத் தின்னும் பூனை. என் வீட்டுப் பணிப்பெண்கள் தினமும் அதைப் பார்த்துத் திருந்த வேண்டும்."

அப்படியே வரைந்து தருவதாக யோரிஸ் வாக்குக் கொடுத்தான்.

ஒரு மதியம், அவன் வீட்டுப் பணிப்பெண் நேல் நாற்காலியில் சாய்ந்தபடி தூங்கிப்போனாள். கையிலிருந்த குவளை நழுவி உருண்டது. யோரிஸ் உடனே வரைய உட்கார்ந்துவிட்டான். சில நாள் கழித்து, முடிந்த படத்தைப் பார்த்த நேலின் முகம் சுருங்கியது.

"ஐயா, இது நான்தானே? உங்கள் குழந்தைக்குக் காய்ச்சல் என்று நாலு நாள் கண் மூடாமல் இருந்தேன். காய்ச்சல் விட்ட பிறகுதானே அசந்தேன்? இதைப் பார்த்தால் ஊரே என்னைச் சோம்பேறி என்று சொல்லுமே!"

"முகத்தை மட்டும் மாற்றிவிடுங்கள்" என்றாள் யோரிஸின் மனைவி ஆல்டா. "இவள் பேரும் கெடாது, உங்கள் வாக்கும் தவறாது."

அவனுக்கு மனம் வரவில்லை. அவன் வரைந்ததிலேயே மிகவும் உயிருள்ள முகம் அது. முகத்தை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் ஒரு மரத்தொட்டிலை வரைந்தான். உள்ளே நிம்மதியாக உறங்கும் குழந்தை. தொட்டிலின் விளிம்பில் நேலின் கை.

படத்தைப் பெற வந்த அம்மையார் நெடுநேரம் பார்த்தார். "நான் கேட்டதெல்லாம் இருக்கிறது. ஆனால் நான் கேட்ட படம் இது இல்லை" என்றார்.

வாக்கைக் காக்க முகத்தை மாற்றச் சொன்னாள் ஆல்டா. நேலுக்காகத் தொட்டிலைச் சேர்த்தான் யோரிஸ். சொல்லுங்கள், இருவரில் யார் பக்கம் நியாயம்?

விடை: யோரிஸின் பக்கமே. முகத்தை மாற்றியிருந்தால் நேல் தப்பியிருப்பாள். ஆனால் அவள் பட்ட பாடு வேறொரு பெண்ணின் சோம்பலாகச் சுவரில் தொங்கியிருக்கும். அம்மையாரிடம் முன்கூட்டியே சொல்லாதது மட்டும் அவன் குற்றம். அதற்கு மன்னிப்பும் கேட்டான். அம்மையார் படத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. சமையலறையில் மாட்டாமல் தம் அறையிலேயே மாட்டிக்கொண்டார். மறுநாள் முதல் அவர் வீட்டுப் பணிப்பெண்களுக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அரைமணி நேரம் ஓய்வு கிடைத்தது.