மறுப்புப் பாடம்

நப்பின்னைக்கு நடந்தது அநியாயம். பல நாட்டு ஆசிரியர்கள் கூடிய சபையில், அவள் பேசி முடித்தாளோ இல்லையோ, கொல்லென்று சிரித்துவிட்டார்கள்.

சதுரங்கம் எங்களுக்குக் கட்டாயப் பாடம் என்றது ஒரு நாடு. சபை தலையாட்டியது. நீச்சல் என்றது இன்னொரு நாடு. ஆண்பிள்ளைகளுக்கும் பின்னல் வேலை என்றது வேறொரு நாடு. அதற்கும் தலையாட்டியது.

காரைமலைப் பள்ளியின் சார்பில் நப்பின்னை எழுந்தாள்.

"எங்களுக்கு மறுப்பு ஒரு பாடம். அந்த வகுப்பில் பிள்ளைகள் ஆசிரியரை மறுத்துப் பேசுவார்கள். பதில் இல்லாவிட்டால் ஆசிரியர் இறங்கித் தரையில் உட்கார வேண்டும். மடக்கிய பிள்ளைக்கு நாற்காலி."

"இதற்குப் பெயர் பாடமா? வாய்க்கொழுப்பு," என்றார் சபைத் தலைவர். "பாடத்திட்டத்திலிருந்து அதை எடுத்தால்தான் உங்கள் பள்ளிக்கு அங்கீகாரம்."

"ஏன் எடுக்க வேண்டும்?"

"உட்காரம்மா."

கொதித்துக்கொண்டே மலையேறி வந்தவள், குரு பூங்கோதையம்மையிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். நாற்காலியில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்த குரு சொன்னார்:

"எடுத்துவிடலாம்."

"என்னம்மா சொல்கிறீர்கள்?"

"சதுரங்கம் வைப்போம். நல்ல பாடம்தானே?"

"யார் இல்லை என்றது? ஆனால் அதில் பிள்ளை ராஜாவை மடக்கினால் கைதட்டுகிறார்கள். வாத்தியாரை மடக்கினால் மட்டும் வாய்க்கொழுப்பா?"

"அங்கீகாரம் போனால் நம் பிள்ளைகளை மேல்படிப்பில் சேர்க்கமாட்டார்கள், பின்னை."

"வாசலில் நின்று ஏன் சேர்க்கமாட்டீர்கள் என்று கேட்பார்கள் நம் பிள்ளைகள். பாடத்தை எடுத்துவிட்டால், தலையைக் குனிந்துகொண்டு திரும்பிவிடுவார்கள். அது பரவாயில்லையா?"

"அவ்வளவு பெரிய சபை. அத்தனை பேருமா தப்பு?"

"அத்தனை பேரும் சிரித்தார்கள். ஒருவர்கூடப் பதில் சொல்லவில்லை. சிரிப்பு எப்போதிலிருந்தம்மா பதிலானது?"

"நான் உன் குரு. எடு என்கிறேன்."

"குரு சொன்னால் சரியாகிவிடுமா? ஆகாது என்று சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தானே!"

குரு தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தார். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, நாற்காலியைக் கைகாட்டினார்.

நப்பின்னையின் கோபம் அப்படியே நின்றது. "ஐயோ, அம்மா..."

"முறை என்றால் முறை. ஏறு."

தயங்கித் தயங்கி நுனியில் உட்கார்ந்தாள். பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக, நன்றாகவே நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அந்தத் தலைவரிடமும் பதில் இல்லை அம்மா. ஆனால் அவர் இறங்கவே இல்லை."

"இறங்கத் தெரிந்திருக்காது. பாவம், அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?"

"சபைக்கு என்ன பதில் எழுதட்டும்?"

குரு தமக்குப் பக்கத்திலிருந்த தரையைக் கையால் துடைத்துவிட்டார்.

"வரச்சொல். முதல் வகுப்பில் சேர்த்துக்கொள்வோம்."