கடித்தும் விடாத கை

அந்தக் காலத்தில் மனிதருக்கும் மரத்துக்கும் பறவைக்கும் பேச்சு ஒன்றாகத்தான் இருந்தது. ஆனால் கிளிக்கோ வேறு பறவைக்கோ இறகு உதிர்வது என்பதே கிடையாது. முட்டையை விட்டு வந்தபின் ஒரே ஒரு முறை முளைக்கும். சாகும் மட்டும் அதே இறகுதான். ஒன்று ஒடிந்தால் ஒடிந்ததுதான். அதனால் கிளிகள் மழை வந்தால் பொந்துக்குள் ஒடுங்கும். முள்மரத்துப் பக்கம் போகாது. குஞ்சுகள்கூட ஒன்றோடொன்று உரசி விளையாடாது. "இறகு பத்திரம்" என்று பத்துத் தடவை சொல்லிவிட்டுத்தான் தாய்க்கிளி தன் குஞ்சைப் பறக்கவே விடும்.

அப்போது மலைச்சரிவில் வெள்ளச்சி என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் சடையன். இருவரும் காட்டைத் திருத்தித் தினை விதைத்திருந்தார்கள். கதிர் பால்பிடித்த நாளிலிருந்து வெள்ளச்சிக்குக் காவல் பரண்மேல்தான் வாழ்க்கை. கிளிக்கூட்டம் கிழக்கே இறங்கினால் அங்கே பார்த்துக் கத்துவாள். அதற்குள் மேற்கே இறங்கியிருக்கும். பத்து நாள் கத்தியதில் தொண்டை கட்டிப்போயிற்று. "ஆலோலம்" என்று வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது.

"இனிமே கத்தி ஆகாது புள்ள," என்றான் சடையன். "ஆலம்பாலைக் காய்ச்சிக் குச்சியில தடவி நட்டு வை. ரெண்டு ஒட்டிக்கிட்டா மத்ததெல்லாம் ஓடிடும்."

வெள்ளச்சிக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் வீட்டுத் தானியக் குதிரில் கையை விட்டால் அடிமண்தான் தட்டுப்பட்டது. இந்த விளைச்சலும் போனால் மழைக்காலம் வரை கிழங்கைத் தோண்டித் தின்ன வேண்டியதுதான். தன் கையாலேயே பால் காய்ச்சினாள், தடவினாள், தினைப்புனத்தைச் சுற்றிக் குச்சிகளை நட்டாள்.

மறுநாள் உச்சி வேளையில் கிளிக்கூட்டம் வீலென்று கத்திக்கொண்டு எழும்பிப் பறந்தது. ஒன்றே ஒன்று மட்டும் எழும்பவில்லை. வெள்ளச்சி பரணிலிருந்து இறங்கி ஓடினாள். கூட்டை விட்டு வந்து ஒரு மாதம்கூட ஆகாத இளங்கிளி. காலும் சிறகும் வாலும் பசையில் மாட்டி, இரண்டு குச்சிகளுக்கு நடுவே தலைகீழாகத் தொங்கியது. உதறி உதறி முதுகு இறகு வரைக்கும் இழுத்துப் பூசிக்கொண்டிருந்தது.

"அக்கா, எனக்குப் பசிகூட இல்ல," என்றது அது அழுதுகொண்டே. "எல்லாரும் வந்தாங்க, நானும் வந்தேன்."

"உன் பேர் என்னடா?"

"தத்தன்."

வெள்ளச்சி இடுப்புச் சுருக்குப் பையில் இருந்த விளக்கெண்ணெயை எடுத்துக் கால்களில் தேய்த்தாள். கால் விட்டுவிட்டது. இறகு விடவில்லை. வெயிலில் பசை இறுகி, இறகும் குச்சியும் ஒன்றாகிவிட்டிருந்தன. அப்போதுதான் அவள் கீழே பார்த்தாள். ஆலம்பாலின் மணத்துக்குச் சிவப்பெறும்பு வரிசை கட்டி வந்துகொண்டிருந்தது. முன்வரிசை பாதிக் குச்சி ஏறிவிட்டது. உள்ளங்கையால் துடைத்தாள். துடைக்கத் துடைக்க ஏறியது. ஒன்று கிளியின் கண்ணோரம் போய்விட்டது.

"இறகைப் பிடுங்கப் போறேன் தத்தா."

"வேண்டாம்!" கிளி அலறியது. "எறும்பு தின்னா தின்னட்டும். இறகில்லாம நான் என்ன கிளி? விட்டுடு அக்கா, அப்படியே விட்டுட்டுப் போ!"

வெள்ளச்சி விடவில்லை. இடது கையால் அதன் உடம்பை அணைத்துப் பிடித்து, வலது கையால் இறகைப் பிடுங்கத் தொடங்கினாள். கிளி அவள் இடது கைச் சுட்டுவிரலைக் கவ்வியது. கொட்டையை உடைக்கிற அலகு எலும்பு வரைக்கும் இறங்கியது. ரத்தம் முழங்கைவரை வழிந்தது. வலியில் கண் இருட்டியது. கையை உதறினால் கிளி எறும்புக்கு நடுவே விழும் என்பது மட்டும் தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, கடைசி இறகு வரும்வரை அந்த விரலை அந்த அலகிலேயே விட்டுவைத்தாள். பிறகு முந்தானையில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள்.

அன்று சாயங்காலம் சடையன் கூடைக்குள் எட்டிப் பார்த்தான். இளஞ்சிவப்புத் தோலும் பெரிய மூக்குமாக ஒன்று உட்கார்ந்திருந்தது.

"என்ன புள்ள, ஓணானைப் பிடிச்சு வந்திருக்க?"

தத்தன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். மூன்று நாள் அப்படியே இருந்தான். தினையை ஊறவைத்து வைத்தாள், கொய்யாவை நறுக்கி வைத்தாள், தொடவில்லை. தான் தடவிய பசை, தான் பிடுங்கிய இறகு என்று நினைக்க நினைக்க வெள்ளச்சிக்கும் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் விறகுக்குப் போகையில் அவனை மடியில் கட்டிக்கொண்டு போனாள்.

மாசி மாதம். ஓடையோரத்து இலவமரம் ஒரு இலைகூட இல்லாமல், சிவப்புப் பூவோடு நின்றது. வெள்ளச்சி அதன் அடியில் நின்றுவிட்டாள். இந்த மரமும் வருஷா வருஷம் மொட்டையாகத்தான் நிற்கிறது, அப்புறம் எப்படித்தான் துளிர்க்கிறது? இதைவிட்டால் வேறு யாரைக் கேட்பது?

கேட்டாள். பசை காய்ச்சியதிலிருந்து ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிட்டுக் கேட்டாள்.

மரம் ஒரு கொம்பைத் தாழ்த்தி அவள் மடியைத் தொட்டது. பிறகு, "மடியில் இருப்பது கிளியா?" என்றது. "கிளி என் பக்கம் வந்து எவ்வளவு காலமாயிற்று! உன் பாட்டன் ஒருத்தன், தம்பி, என் காய் பழுக்கும் பழுக்கும் என்று இதே கொம்பில் காத்துக் கிடந்தான். காய் வெடித்தது, பஞ்சு பறந்தது. அவன் ஒரு வார்த்தை திட்டவில்லை. பசியோடு எழுந்து போய்விட்டான். ஊரே சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறது. எனக்குச் சிரிப்பு வரவில்லை."

தத்தன் முதல் முறையாக முந்தானைக்கு வெளியே தலையை நீட்டினான்.

"தின்னக் கொடுக்க இன்றைக்கும் என்னிடம் ஒன்றும் இல்லை," என்றது மரம். "நான் உதிர்க்கிறேன், துளிர்க்கிறேன், அவ்வளவுதான். அதில் உனக்குப் பங்கு தருகிறேன். ஆனால் துளிர்ப்பை மட்டும் தனியாகப் பிரித்துத் தர எனக்குத் தெரியாது. வருஷத்துக்கு ஒரு முறை உதிர்க்கவும் வேண்டும். உனக்கு மட்டுமல்ல, உன் இனத்துக்கே அப்படித்தான். இன்னொன்றும் இருக்கிறது, என் உடம்பைத் தொட்டுப் பார்."

வெள்ளச்சி தொட்டாள். அடிமரம் முழுக்க முள்.

"என்னிடமிருந்து வருவது முதலில் முள்ளாகத்தான் வரும். குத்தும், அரிக்கும், கோபம் கோபமாக வரும். தாங்குவாயா?"

தத்தன் வெள்ளச்சியைப் பார்த்தான்.

"நான் இருக்கேன்டா," என்றாள் அவள்.

"சரி," என்றான் தத்தன்.

வீடு திரும்பியதும் ஊறிய தினையை ஒரு கிண்ணம் தின்றான். எட்டாம் நாள் உடம்பெங்கும் முள் எழும்பியது. மரம் சொன்னபடியே தூக்கம் போயிற்று, பொறுமை போயிற்று. கூடையைக் கடித்தான், தண்ணீர்ச் சட்டியைக் கவிழ்த்தான். மார்பில் இருந்த முள்ளை அலகால் கோதிக்கொள்ள முடிந்தது. தலைக்கும் கழுத்துக்கும் அலகு எட்டவில்லை. வெள்ளச்சி விரல் நுனியால் அந்த முட்களின் வெள்ளைத் தோலை உருட்டி உருட்டி உதிர்த்தாள். உள்ளிருந்து ஈரப் பச்சையாய் ஒரு துளி இறகு விரியும். தத்தன் கண் சொக்கி நிற்பான். முற்றாத முள்ளில் விரல் பட்டுவிட்டால் வெடுக்கென்று கடிப்பான். கடித்துவிட்டு, உடனே மறுபடி தலையைக் குனிந்து நீட்டுவான்.

ஒரு நாள் காலையில் முற்றத்து வேலியில் தாய்க்கிளி வந்து உட்கார்ந்தது. எறும்பு தின்றுவிட்டது என்று அது நினைத்து அழுதிருந்த பிள்ளை, பச்சை முளைத்து வெள்ளச்சியின் மடியில் படுத்திருந்தான். தாய் இறங்கி வந்து அந்தப் பச்சையை அலகால் கோதிப் பார்த்தது.

"உங்க புனத்துல நிக்கிற கதிரை இனி நாங்க தொட மாட்டோம் தாயே," என்றது கடைசியில். "அறுப்புக்கப்புறம் சிந்தினதைப் பொறுக்கிக்கிறோம்."

திண்ணையோரம் நின்ற சடையன் புனத்துக்குப் போனான். மிச்சமிருந்த பசைக்குச்சிகளையெல்லாம் பிடுங்கி நெருப்பில் போட்டான். அந்த வருஷம் குதிர் நிறைந்தது. அறுப்பு முடிந்ததும் இரண்டு படி தேறும் கதிரைத் தாளோடு வேண்டுமென்றே விட்டுவிட்டு வந்தவனும் அவன்தான்.

சித்திரை பிறந்தபோது தத்தன் பறந்தான். கூட்டத்தோடு ஓடை வரை போனான், இலவமரத்தை மூன்று சுற்றுச் சுற்றினான், சாயங்காலம் வெள்ளச்சியின் தோளில் வந்து இறங்கினான். இறகு போனால் வரும் என்று தெரிந்த பிறகு அவனுக்குப் பயம் விட்டுப்போயிற்று. மல்லாந்து படுத்து அவள் விரலைக் காலால் பிடித்து இழுத்தான், வளையலோடு சண்டை போட்டான், தலைமுடியை இழுத்துக் குலைத்தான். விளையாட்டின் நடுவே அந்தச் சுட்டுவிரலைத் தேடிப் பிடித்து அழுத்திக் கடித்தான்.

"வலிக்குதுடா!"

உடனே அழுத்தத்தைக் குறைத்தான். ஆனால் விரலை விடவில்லை.

"அக்கா, அன்னைக்கு அவ்வளவு கடிச்சேனே, நீ ஏன் என்னை விடல?"

வெள்ளச்சி யோசித்தாள். "உன்னை அந்தக் குச்சியில ஏத்தினதே நான்தானேடா," என்றாள். "விட்டுட்டு எங்க போவேன்?"

தத்தன் விரலில் இருந்த தழும்பை நாக்கால் தொட்டான். அதன்மேல் ஏறி உட்கார்ந்து இறகைச் சிலிர்த்துக்கொண்டான். மறுநாளும் கடித்துப் பார்த்தான். அதற்கு மறுநாளும். கை விலகவில்லை. கழுத்தில் செவ்வளையமாய் ஆரம் விழுந்து பெரியவனான பிறகுதான் நிறுத்தினான். அப்புறம் அவனுக்குக் கடித்துக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

காக்கையும் மைனாவும் பின்னால் வந்து இலவமரத்திடம் இதையே கேட்டு வாங்கிக்கொண்டது தனிக்கதை.

அன்று முதல்தான் கிளி வருஷத்துக்கொரு முறை இறகை உதிர்த்து, முள்ளாய் முளைத்துச் சிடுசிடுத்து, புதுப் பச்சை உடுத்துகிறது. அன்று முதல்தான் வீட்டில் வளரும் இளங்கிளி, நீட்டிய விரலை ஒரு தடவை அழுத்திக் கடித்துப் பார்த்து, அது விலகாது என்று தெரிந்த பிறகே அதன்மேல் ஏறி உட்காருகிறது.