நாலு எலுமிச்சம்பழம்

வால்பாறை எஸ்டேட் முதலாளி சிங்காரவேலுவின் கிழட்டு ஜீப் எந்த மலையும் ஏறும். ஆனால் டீசலைக் குடம் குடமாகக் குடிக்கும். அதை மாற்றத்தான் மருமகன் ஒரு கார் கொண்டுவந்தார். "நாலு சக்கரமும் இழுக்கும் மாமா. பெட்ரோலை மோந்து பார்த்தாலே ஓடும்."

"பின்சக்கரம் இழுக்காதுங்க முதலாளி," என்றான் டிரைவர் பொன்னுரங்கம்.

"மாப்பிள்ளை கொண்டாந்த வண்டியையே குறை சொல்றியா? வண்டியைத் தொடாம நிரூபி. இல்லேன்னா ஜீப் சாவியை வெச்சுட்டுக் கிளம்பு!"

பொன்னுரங்கம் பங்களா மேட்டுச் சேற்றில் காரை நிறுத்தச் சொல்லி, புது வண்டியாச்சே என்று நாலு சக்கரத்துக்கும் முன்னால் ஒட்டினாற்போல் எலுமிச்சம்பழம் வைத்தான். மருமகன் ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். கார் நகரவில்லை, முன்சக்கரங்கள் மட்டும் சுற்றிச் சுற்றித் தங்கள் பழங்களைக் கூழாக்கின.

பின்சக்கரங்களிடம் கிடந்த இரண்டு பழங்களையும் எடுத்து, துடைத்து, முதலாளி கையில் கொடுத்தான் பொன்னுரங்கம்.

"இது ரெண்டும் நசுங்கலைங்க. அடுத்த வண்டிக்கு ஆகும்."