மோர்க்காரிப் பட்டம் கொடுத்தது யார்?

முன்னொரு காலத்தில் (எந்தக் காலம் என்று என்னைக் குடையாதீர்கள், ராஜாக்களுக்குச் சண்டையும் ஓய்ந்து, சாப்பாடும் செரித்து, பொழுது மட்டும் போகாமல் கிடந்த காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்) ஒரு ராஜா இருந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் பட்டம் கொடுக்கும் பைத்தியம் ஒன்று அவரைப் பிடித்திருந்தது. சபையில் ஒருவர் தும்மினால் ஒரு பட்டம், தும்மலை அடக்கினால் அதைவிடப் பெரிய பட்டம். ஒருவரை ஒருவர் முறைப்படி கூப்பிட்டு முடிப்பதற்குள் சொல்ல வந்த விஷயமே மறந்துபோகும். போதாக்குறைக்கு ஒரு சட்டமும் போட்டிருந்தார். ராஜா வாயால் வராத பட்டத்தை எவராவது வைத்திருந்தால், மொட்டையடித்து எல்லைக்கு அப்பால் துரத்திவிட வேண்டும்.

அந்தச் சபையில் பட்டங்களைப் போர்போராகக் குவித்து வைத்திருந்தவர் மகரபூஷண பண்டிதர். அவர் வெளியே கிளம்பினால் முன்னால் ஒரு கட்டியக்காரன் நடந்து, "சொற்கடல் கடந்த சூறாவளி வருகிறார்! நிகண்டு நாயகம் வருகிறார்! இலக்கண இடிமுழக்கம் வருகிறார்!" என்று தொண்டை கிழியக் கத்துவான். பட்டம் ஒன்றுகூட வாங்காமல் விகடம் பேசியே காலம் தள்ளியவன் ஆண்டியப்பன். ஆனால் ராஜா வாய்விட்டுச் சிரிப்பது இந்த ஆண்டியப்பன் பேச்சுக்குத்தான். பண்டிதருக்கு அதில் தீராத வயிற்றெரிச்சல்.

ஒரு சித்திரை மாதக் காலையில் ராஜா மேல்மாடத்தில் உலாவிக்கொண்டிருந்தார். கீழே தெருவில் யாரோ கூப்பிட்டார்கள்: "ஏ மோர்க்காரி, செத்த நில்லு!"

ராஜா நின்றுவிட்டார். "மோர்க்காரியா? அப்படி ஒரு பட்டத்தை நாம் யாருக்கும் வழங்கியதாக நினைவில்லையே!"

அருகில் இருந்த பண்டிதர் பார்த்தார். இப்படி ஒரு சந்தர்ப்பம் லேசில் வாய்க்குமா?

"அரசே, இதைச் சொல்லவே நாக் கூசுகிறது. தாங்கள் வழங்கிய பட்டங்களை ஊரில் ஒருவரும் உச்சரிப்பதில்லை. இந்தப் பட்டத்தையோ பால் மணம் மாறாத பிள்ளைகூடச் சொல்கிறது. தங்களுக்குத் தெரியாமல் எவனோ ஒரு துரோகி ஊருக்குள் பட்டம் வழங்கிக்கொண்டிருக்கிறான்."

ராஜாவுக்கு நெஞ்சில் சுருக்கென்று தைத்தது. அடுத்த நாழிகையில் மோர்ப் பானையும் தலையுமாக அந்த மோர்க்காரி வெள்ளத்தாயி சபைக்கு இழுத்து வரப்பட்டாள்.

"பெண்ணே, உனக்கு மோர்க்காரி என்னும் பட்டத்தை வழங்கியவர் யார்?"

"வழங்கினாகளா? நான் மோர் விக்கேன் சாமி. மோர்க்காரிங்காக."

"முதன்முதலில் அவ்வாறு அழைத்தவர் யார்?"

"அத யாரு கண்டா? எங்க ஆத்தாளையும் அப்படித்தானே கூப்பிட்டாக."

"பரம்பரைக் குற்றம்!" என்று துள்ளினார் பண்டிதர். "அரசே, ஆண்டியப்பன் தினமும் இவள் பானையடியில்தான் கிடக்கிறான். துரோகி யாரென்று அவனுக்குத் தெரியாமல் இராது. வரும் வெள்ளிக்கிழமைக்குள் பிடித்து வரட்டும். தவறினால் இருவரையும் மொட்டையடித்துத் துரத்துவதே நீதி."

ராஜாவும் சரி என்று தலையாட்டிவிட்டார்.

சிறைக்கூடத்தில் வெள்ளத்தாயி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "கொட்டில்ல கன்னுக்குட்டி கத்திக்கிட்டே கெடக்குமே! எல்லைக்கு அங்கிட்டு என்னைய வெரட்டிட்டா அதுக்கு யாரு தண்ணி காட்டுவா?" என்றாள்.

அவளைப் பார்க்க வந்த ஆண்டியப்பனுக்கு விகடம் ஒன்றும் வாயில் வரவில்லை. "உன் கன்னுக்குட்டிக்கு நான் தண்ணி காட்டுறேன். நீ கலங்காதே தாயி" என்றான்.

"ஒம்ம தலைய மொதல்ல காப்பாத்திக்கிடும். அதுல முடியாவது மிஞ்சட்டும்" என்றாள் அவள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஆண்டியப்பன் ராஜா முன் போய் நின்றான்.

"மகாராஜா, ஆசாமி யாரென்று தெரிந்துவிட்டது. ஆனால் பேரைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். கையும் களவுமாகப் பிடித்துத்தான் காட்ட வேண்டும். உச்சி வெயிலில்தான் அவர் வாயைத் திறப்பார். சந்தை முக்கில், வெள்ளத்தாயி உட்காரும் இடத்தில், ஒருவர் மோர்ப் பானையோடு உட்கார வேண்டும்."

"அதற்கென்ன, ஒரு காவலனை உட்கார வைப்போம்."

"அவனுக்கு ஒரு பட்டமும் இல்லையே! ஆசாமி ஏமாளி இல்லை மகாராஜா. இனி ஒரு பட்டம் வைக்க உடம்பில் இடமே இல்லை என்கிற மாதிரி ஒருவர் உட்கார்ந்தால்தான், அவருக்கும் ஒன்று கொடுத்துப் பார்ப்போம் என்று நாக்கு துறுதுறுக்கும்."

சபை மொத்தமும் பண்டிதரைத் திரும்பிப் பார்த்தது.

"அடியேனா? மோர்ப் பானையுடனா?" என்று பண்டிதர் பதறினார்.

"துரோகி பிடிபட்டால் உமக்கு இன்னுமொரு பட்டம்" என்றார் ராஜா.

"பானை எங்கே இருக்கிறது?" என்றார் பண்டிதர்.

ராஜா நேரில் சாட்சியாக இருக்க வேண்டும், அதுவும் ஒருவர் கண்ணிலும் படாமல் மூடுபல்லக்கில் இருக்க வேண்டும் என்றும் ஆண்டியப்பன் கேட்டுக்கொண்டான். அதற்கும் சம்மதம் கிடைத்தது.

உச்சி வேளை. வெயில் மண்டையைப் பிளந்தது. சந்தை முக்கில் சரிகை அங்கவஸ்திரமும் வைரக் கடுக்கனுமாகப் பண்டிதர், அவர் முன்னால் மோர்ப் பானை. கட்டியக்காரன் பட்டங்களை முழங்கிக்கொண்டிருந்தான். மூட்டை தூக்கி வந்த ஒருவன் நெற்றியை வழித்துவிட்டுக்கொண்டு வந்து நின்றான்.

"மோர்க்காரரே, ஒரு செம்பு ஊத்தும்."

"அடேய்! இவர் சொற்கடல் கடந்த சூறாவளி!" என்றான் கட்டியக்காரன்.

"கடந்தது கடந்துட்டாரு. இப்ப மோர ஊத்தச் சொல்லும்."

"பிடியுங்கள், இவன்தான் துரோகி!" என்று பண்டிதர் அலறினார். காவலர்கள் அவன் கையைக் கட்டினார்கள். அதற்குள் கூடைக்காரப் பெண் ஒருத்தி, "மோர்க்காரரே, எனக்கு உப்பக் கொறச்சு" என்றாள். அவளையும் கட்டினார்கள். பின்னால் ஒரு கிழவர், அவருக்குப் பின்னால் ஒரு சாமியார். கட்டக் கட்டக் கயிறு தீர்ந்ததே தவிர, 'மோர்க்காரரே' தீரவில்லை. கட்டுண்டவர்கள் தாகம் தாகம் என்று கத்தவே, காவலர்களே அவர்களுக்கு மோர் வாங்கி ஊற்ற வேண்டியதாயிற்று.

"இவர்கள் எல்லாம் சில்லறை. தலை இன்னும் அகப்படவில்லை" என்றான் ஆண்டியப்பன்.

பல்லக்குக்குள்ளே ராஜா வெந்துகொண்டிருந்தார். மேலே கிரீடம், கீழே வெல்வெட்டு மெத்தை, நாலு பக்கமும் கனத்த திரை. இஞ்சியும் கறிவேப்பிலையும் பெருங்காயமும் போட்டுக் கலக்கிய மோரின் வாசனை திரை இடுக்கு வழியாக உள்ளே வந்தது. போதாதென்று, ஆண்டியப்பன் பல்லக்குக்குப் பக்கத்திலேயே நின்று மடக்கு மடக்கென்று குடித்து, "அப்பாடா! உசிரு வந்தது" என்றான்.

"ஆண்டியப்பா, துரோகி எங்கே?" என்று உள்ளிருந்து குரல் வந்தது, தொண்டை வறண்டு.

"பக்கத்தில் வந்துவிட்டார் மகாராஜா. கொஞ்சம் பொறுங்கள்."

ராஜா கொஞ்சம் பொறுத்தார். இன்னும் கொஞ்சம் பொறுத்தார். பிறகு பொறுமை போயிற்று, ராஜரகசியம் போயிற்று, எல்லாம் போயிற்று. திரையைக் கிழித்துக்கொண்டு மோதிரங்கள் மின்ன ஒரு கை வெளியே நீண்டது.

"ஓய் மோர்க்காரரே! இங்கே ஒரு செம்பு கொண்டு வாரும், சீக்கிரம்!"

"பிடித்துவிட்டேன்!" ஆண்டியப்பன் பாய்ந்து அந்தக் கையை இறுகப் பற்றினான். "மகாராஜா, கையும் களவுமாக அகப்பட்டார்!"

"யார்? எங்கே?"

"இந்தக் கைக்கு உடையவர்."

கை யாருடையது என்று காவலர்களுக்குத் தெரியும். கட்டக் கயிறும் இல்லை, தைரியமும் இல்லை. ஆண்டியப்பன் மட்டும் பிடித்த கையை விடவில்லை.

ராஜா திரையை விலக்கி, பிடிபட்ட தம் கையையே பார்த்தார். பண்டிதரைப் பார்த்தார். "நாமா அப்படிக் கூப்பிட்டோம்?"

"தாங்களேதான் மகாராஜா. பண்டிதரின் பட்டங்கள் அத்தனையும் தாங்கள் கொடுத்தவை. தாகம் எடுத்ததும் அதில் ஒன்றாவது வாயில் வந்ததா? வறண்ட நாக்குக்குப் பானைதான் தெரியும், பானை வைத்திருப்பவருக்கு அதுவே பேர். வெள்ளத்தாயிக்கும் அவள் ஆத்தாளுக்கும் பட்டம் கொடுத்தது இந்த மாதிரி ஒரு வாய்தான்."

பண்டிதர் நீட்டிய செம்பை வாங்கி ராஜா மடக்கென்று வாயில் கவிழ்த்தார். பாதியிலேயே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்து, மோர் புரையேறி மூக்கால் வந்தது. இருமிக்கொண்டே, கட்டியவர்களை அவிழ்த்துவிடச் சொன்னார். வெள்ளத்தாயியைக் கூட்டி வரச் சொன்னார்.

"அரசே, அடியேனுக்கு வாக்களித்த பட்டம்?" என்றார் பண்டிதர்.

"அதுதான் எம் வாயாலேயே கொடுத்தாயிற்றே! கட்டியக்காரா, கடைசியில் 'மோர்க்காரர்' என்பதையும் சேர்த்துக்கொள்."

இதற்குள் வெள்ளத்தாயி ஓடி வந்து சேர்ந்தாள். பானையில் விரலை விட்டு நக்கிப் பார்த்தாள். "இது மோரா, கழுநீரா? எங்க ஆத்தா காலத்துலேர்ந்து காப்பாத்தின பேர ஒரு பொழுதுல கெடுத்துட்டீரே!" என்று பண்டிதரைப் பிடி பிடியென்று பிடித்து, அவரை எழுப்பிவிட்டுத் தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

ராஜா கம்பீரமாகத் தொண்டையைச் செருமினார். "பெண்ணே, இன்று முதல் நீ எம்மால் பட்டம் பெற்றவள். இனி உன்னை எவரும் தொட முடியாது."

"பட்டம் கெடக்கட்டும் மகாராசா, குடிச்ச செம்பக் குடும். பின்னால ஆளு நிக்காக."

ராஜா திரும்பிப் பார்த்தார். மூட்டை தூக்கியவனும் கிழவரும் சாமியாரும் வரிசையில் நின்றார்கள். செம்பைக் கொடுத்துவிட்டுப் பல்லக்கில் சாய்ந்து, விலா நோகச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கழுத்தில் கிடந்த முத்துமாலையைக் கழற்றி ஆண்டியப்பன் கழுத்தில் போட்டார். அரண்மனைத் தொழுவத்திலிருந்து ஒரு கறவைப் பசுவை வெள்ளத்தாயி வீட்டுக்கு ஓட்டிப் போகச் சொன்னார். அதற்கப்புறம், தாகம் எடுக்காதவர்களுக்கு மட்டுமே பட்டம் கொடுப்பது என்று வைத்துக்கொண்டாராம். அப்படி ஒருவரும் கடைசிவரை அகப்படவில்லை.