ஒன்றாம் நம்பர் வீடு

நகராட்சித் தலைவர் ஆவுடைநாயகத்தின் வீடு முட்டுச்சந்தின் கடைசியில், இருபத்துநாலாம் நம்பர். வீட்டு நம்பர் எழுத வந்த பெயிண்டர் மாடக்கண்ணுவை அவர் பிடித்துக்கொண்டார்.

“ஊருக்கே முதல் ஆள் நான். ஏலே, எனக்குக் கடைசி நம்பரா? ஒண்ணுன்னு எழுது. இல்லேன்னா நாளையிலேருந்து உனக்கு இங்க வேலை கிடையாது.”

“எழுதிருதேன் அய்யா. இந்தப் பக்கமிருந்து எண்ண ஆரம்பிச்சாப் போச்சு. தெருப் பேர்ப் பலகையும் ஒண்ணாம் நம்பர் சுவர்லதான் இருக்கணும். உங்க ஆபீஸ் விதி.”

“தாராளமா மாட்டு.”

பலகை மாட்டிய சுவர் ஊருக்கே பொது என்பது இருபது வருஷம் பலகை எழுதிய மாடக்கண்ணுவுக்குத் தெரியாதா? மறுநாளே கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஏறியது. அதன்மேல் மூலம், பௌத்திரம் விளம்பரம். தலைவர் ஆள் வைத்துக் கிழித்தார். பசை காய்வதற்குள் அடுத்தது. முட்டுச்சந்து வேறு, ஒன்றுக்கு ஒதுங்குகிறவர்களுக்கும் வசதியாகப் போயிற்று.

பத்தாம் நாள் மூக்கைப் பொத்திக்கொண்டு தலைவரே தேடி வந்தார். “பழையபடியே எழுதிரு தம்பி.”

“சரி அய்யா. மாத்துனா ரெண்டு நம்பரும் போடணும். அதுவும் உங்க விதிதான்.”

வாசலில் கொட்டை எழுத்தில் எழுதினான்: புதிய எண் 24, பழைய எண் 1.

அடுத்த தேர்தலில் தோற்று வீடு திரும்பிய அன்றுதான் ஆவுடைநாயகம் அதை முழுசாக வாசித்தார்.